பழங்கருவியைப் பண்ணுதல்

உரைநடை உலகம்
இயல்: கலை, அழகியல்

கற்றல் நோக்கங்கள்

• பழந்தமிழர் இசைக்கருவியின் குற்றங்களை ஆராய்ந்த முறையை அறிதல்.
• வீணை, மின்கிதார் ஆகியவற்றின் அமைப்பையும் சீரமைக்கும் முறையையும் ஒப்பிட்டு உணர்தல்.
• பழம்பொருளைப் பேணுவதில் மீளக்கூடிய மாற்றத்திற்கும் மீளாத மாற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிதல்.
• ஒரு கைத்தொழிலைக் கூர்ந்து நோக்கி, அதன் படிநிலைகளைப் பிழையின்றி எழுதும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

இன்று 'பண்ணுதல்' என்னும் சொல்லைச் 'செய்தல்' என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்கு யாழின் நரம்புகளைப் பண்ணுக்கேற்ப அமைத்தல் என்னும் சிறப்புப் பொருளும் இருந்தது. தச்சர் கருவியைச் செய்து முடிக்கிறார். ஆனால், வாசிப்பவர் அதனை ஒவ்வொரு நாளும் பண்ணவேண்டியிருக்கிறது. மரம் விரியும், சுருங்கும், வளையும்; நரம்பு தளரும்; மெழுகு இளகும். மாறிக்கொண்டே இருக்கும் பொருளிலிருந்து மாறாத சுரத்தைப் பெறுவது எப்படி? யாழும் வீணையும் மின்கிதாரும் இவ்வினாவிற்குத் தரும் விடைகளை இப்பாடம் ஆராய்கிறது.

குன்றில் நின்ற சுரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஊர் குன்றாண்டார்கோவில். அங்குள்ள குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் குடைவரைக்கோவில் அமைத்துள்ளனர். அதன் முன்னே குதிரைகள் இழுக்கும் தேரின் வடிவில் கல்லால் ஆன மண்டபம் ஒன்று பிற்காலத்தில் எழுப்பப்பட்டது. மரத்தேருக்கு அச்சு தேயும், வடம் நையும். கல்தேருக்கு அத்தகைய கவலை இல்லை. பல நூற்றாண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி அது நின்றுகொண்டிருக்கிறது.

அதே மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலையில் இசையையே கல்லில் பொறித்து வைத்தனர். ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்புள்ள பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாகச் சுரங்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. எழுத்தமைதியைக் கொண்டு இக்கல்வெட்டு கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன் இதனைச் செய்வித்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. இச்சுரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருள்பட ஒரு தமிழ்த்தொடரும் அங்கே காணப்படுகிறது. எட்டு நரம்புக் கருவியையும் ஏழு நரம்புக் கருவியையும் அது குறிப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். ஏழு நரம்புடைய வீணை வகையான 'பரிவாதினி' என்பதன் பெயரும் அம்மலையில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சுரங்களை நம்மால் படிக்க முடிகிறது. ஆனால், அவை எவ்வாறு ஒலித்தன என்பதில் ஆய்வாளரிடையே கருத்து ஒற்றுமை இல்லை. ஒரே சுரம் அ, இ, உ, எ என்னும் உயிர்களோடு மாறிமாறி எழுதப்பட்டிருப்பதன் நோக்கம் என்ன என்பதற்கும் பல விளக்கங்கள் உண்டு. கல் குறிப்பைக் காத்தது. அக்குறிப்பை ஒலித்துக் காட்டிய மரமும் நரம்பும் காலத்தில் கரைந்தன. அக்கருவியைப் பண்ணத் தெரிந்த கைகளும் இல்லாமற்போயின. எழுத்து மட்டும் எஞ்சினால் இசை எஞ்சாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குற்றம் நீங்கிய யாழ்

பழந்தமிழ்ப் புலவர்கள் யாழின் இனிமையைப் பாடியதோடு அதன் உறுப்புகளையும் நுட்பமாக விளக்கினர். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நூல்களில் பத்தர், கோடு, ஆணி, திவவு, போர்வை முதலிய உறுப்புகளின் பெயர்களையும் வடிவங்களையும் காணலாம். நெருங்கியிருந்து கருவியைக் கையாண்டவருக்கே அத்தகைய வருணனை கைவரும்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி பெறும் யாழ், பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் நான்கு வகையிலும் குற்றம் நீங்கியது என இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். ஒலிக்கும் குடம், தாங்கும் தண்டு, இறுக்கும் ஆணி, அதிரும் நரம்பு ஆகிய நான்கும் ஒரு நரம்புக்கருவியின் முழு இயக்கத்தையும் அடக்கியவை. இன்று ஒரு பழைய கிதாரைச் சோதிப்பவரும் இந்நான்கையே சோதிக்கிறார். அதன்பின் மாதவி பண்ணல், ஆராய்தல், தைவரல் முதலாகிய எட்டுவகைச் செயல்களால் யாழின் இசையைச் செவியால் ஓர்கிறாள். நரம்பை நிறுத்துவதும், நிறுத்தியது சரியா எனத் தேர்வதும், மெல்ல வருடிக் கேட்பதும் அவற்றுள் அடங்கும். பாட்டு தொடங்குவது அதற்குப் பிறகே.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இவ்வாராய்ச்சி மேலும் கூர்மை பெறுகிறது. சீவகன்முன் யாழ்கள் ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது. ஒன்றன் மரம் வெட்டுப்பட்டது. ஒன்றன் மரம் இடிவீழ்ந்தது எனக் குற்றம் கூறி அவன் விலக்குகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே கலந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். காப்பியத்திற்குரிய மிகை இதில் இருக்கலாம். ஆயினும், மரத்தின் கடந்தகாலம் அதன் ஒலியில் இருக்கிறது என்னும் கருத்து தொழிலறிந்தோர் இன்றும் ஏற்பதே. ஈரம் உறைந்த மரமும், நார்கள் பிளந்த மரமும் அதிர்வைத் தடையின்றிக் கடத்துவதில்லை.

இத்தகைய யாழும் வழக்கொழிந்தது. ஈழத்து மட்டக்களப்பு வட்டாரத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பல ஆண்டுகள் இலக்கியச் சான்றுகளையும் உரைகளையும் கணக்கியலையும் துணைகொண்டு யாழின் இயல்பை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. பண்ணும் தொழில் தலைமுறை அறாது வந்திருந்தால், ஒரு பேரறிஞர் ஏடுகளிலிருந்து அதனைத் தேடி எடுக்கவேண்டிய நிலை வந்திராது.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| பேரியாழ் – 21 நரம்புகள் |
| மகரயாழ் – 19 நரம்புகள் |
| சகோடயாழ் – 14 நரம்புகள் |
| செங்கோட்டியாழ் – 7 நரம்புகள் |

மெழுகில் நிற்கும் மெட்டு

இன்று நம்மிடையே வாழும் நரம்புக்கருவிகளுள் தலையாயது தஞ்சாவூர் வீணை. 2013ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதனைப் பலாமரத்தால் செய்கின்றனர். பண்ருட்டிப் பலா இதற்குப் பெயர்பெற்றது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்துவதும் உண்டு. ஒரே மரத்தில் குடைந்து செய்வதும் உண்டு. பின்னதனை ஏகாண்ட வீணை என்பர். வாசிப்பதற்குரிய நரம்புகள் நான்கு, தாளத்திற்குரியவை மூன்று. இக்காலத்தில் நரம்பு என்பது உலோகக் கம்பியே.

நரம்பின் நீளத்தை விரலால் குறைத்தால் சுரம் உயரும். எந்த இடத்தில் குறைப்பது என்பதைக் காட்டும் தடுப்புகளே மெட்டுகள். வீணையில் 24 பித்தளை மெட்டுகள் உள்ளன. ஒரு தாயியில் பன்னிரண்டு சுரத்தானங்கள் என்ற கணக்கில், ஒவ்வொரு நரம்பிலும் இரண்டு தாயிகளை அவை தருகின்றன. இம்மெட்டுகள் ஆணியால் அறையப்படுவதில்லை. மரத்தில் பதிக்கப்படுவதும் இல்லை. தண்டியின் இருமருங்கிலும் கரைபோல அமைத்த மெழுகின்மீது அவை நிற்கின்றன. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து இம்மெழுகைப் பக்குவம் செய்கின்றனர்.

உறுதியான கருவியில் மெழுகை ஏன் வைத்தனர் என்ற ஐயம் எழலாம். அதன் பயன் வாசிக்கும்போது விளங்கும். கமகம் பிறக்க, வாசிப்பவர் நரம்பை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கிறார். நாள்தோறும் அவ்வாறு இழுப்பதால் மெட்டு மயிரிழையளவு நகர்கிறது. நரம்பின் தடிப்பு மாறினாலும், தண்டி சிறிது வளைந்தாலும் மெட்டின் இடம் மாறவேண்டும். மெழுகு இளக்கத்தக்கது, ஆதலால் மெட்டை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். மரத்தில் ஒரு கீறலும் விழாது. திருத்தத்திற்கு இடம்விட்டே கருவியைச் செய்த அறிவு அது.

மெட்டுகளைப் புதிதாக அமைக்கும் தொழிலை 'மேளம் கட்டுதல்' என்பர். பழைய மெழுகை நீக்கிப் புதிய மெழுகை வெதுவெதுப்பாக வைத்து உருவாக்குவர். நரம்புகளைச் சுருதிக்கு நிறுத்துவர். ஆதார சட்சத்தோடு ஒவ்வொரு சுரத்தையும் ஒப்பிட்டுக் கேட்டு, மெட்டை இப்பாலும் அப்பாலும் நகர்த்தி, ஒலி இழைந்த இடத்தில் அழுத்துவர். ஒரு மெட்டு நான்கு நரம்புகளுக்கும் பொதுவானது. மெல்லிய நரம்புக்குப் பொருந்திய இடம் தடித்த நரம்புக்குச் சற்றுப் பிசகலாம். எல்லா நரம்புகளுக்கும் பொருந்தும் நடுவிடத்தைத் தேர்வதில்தான் கலைஞரின் திறன் வெளிப்படும். மெட்டின் உயரமும் அளந்து வைக்கப்படவேண்டும். ஒரு மெட்டு தாழ்ந்தால் நரம்பு அடுத்த மெட்டில் உரசி இரையும். மிக உயர்ந்தால் விரல் நோகும், சுரமும் ஏறும்.

கடும் வெயிலில் மெழுகு இளகும். ஆகையால் வீணையைச் சன்னலோரத்திலும் மூடிய ஊர்திக்குள்ளும் விட்டுவைத்தல் ஆகாது. வாசிக்காத வீணையின் மெழுகும் நாளடைவில் காய்ந்து வெடிக்கும். சுவரில் அழகுக்காக மாட்டிய வீணை மெல்லமெல்லத் தன் குரலை இழப்பது இவ்வாறே.

மரத்தில் பதிந்த மெட்டு

மின்கிதார் இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இலும், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் 1952இலும் வெளிவந்தன. அக்காலக் கருவிகள் இன்று பழம்பொருள்களாக மதிக்கப்படுகின்றன.

இக்கருவியில் குடம் இல்லை. உடல் பெரும்பாலும் திண்மையான மரக்கட்டையே. எஃகு நரம்பின் அடியில் காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக்கம்பியும் அமைந்துள்ளன. இவ்வுறுப்பைப் 'பிக்கப்' என்பர். நரம்பு அதிரும்போது காந்தப்பாயம் மாறுபட்டுச் செப்புக்கம்பியில் சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இயற்பியலில் நீங்கள் பயிலும், 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. அச்சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்கிறோம்.

தமிழிசை உலகிற்கு இக்கருவி அயலானதன்று. இளையராசாவின் திரையிசையில் கிதார் பெற்ற இடத்தைத் தமிழ்நாடு அறியும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்து உலகப்புகழ் பெற்றார். இரட்டை இரட்டையாக எட்டு நரம்புகள் கொண்ட அக்கருவியை அவர் ஐந்து தனி நரம்புகள் கொண்டதாக மாற்றிக்கொண்டார். இரட்டை நரம்பை ஒருசேர இழுத்துக் கமகம் எழுப்புவது அரிது. தனி நரம்பு அதற்கு இடம்தந்தது. கிதார் பிரசன்னா மின்கிதாரிலேயே கருநாடக இசைக் கச்சேரிகளை நிகழ்த்தி வருகிறார். கருவி எந்நாட்டில் பிறந்தாலும், அதனைத் தம் பண்ணுக்கேற்பப் பண்ணிக்கொள்வதே கலைஞரின் உரிமை.

கிதாரின் மெட்டுகள் வீணையிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. அவை கழுத்துப்பலகையில் வெட்டிய காடிகளில் அறையப்பட்டவை; நகர்த்த இயலாதவை. அவற்றின் இடத்தைச் செவி தீர்மானிப்பதில்லை, கணக்கு தீர்மானிக்கிறது. ஒரு தாயியைப் பன்னிரண்டு சமவிகிதங்களாகப் பகுத்தால், அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் விகிதம் ஏறத்தாழ 1.0595 ஆகும். நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். 648 மில்லிமீட்டர் நரம்பில் முதல் மெட்டு 36.37 மில்லிமீட்டரில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324 மில்லிமீட்டரில் அமையும்.

கணக்கு இவ்வளவு துல்லியமாயின் சுரம் பிசகுவது ஏன்? விரலால் அழுத்தும்போது நரம்பு சிறிது நீட்டப்படுகிறது, இழுவிசை கூடுகிறது, சுரம் ஏறிவிடுகிறது. நரம்பின் தடிப்புக்கேற்ப இவ்வேற்றம் வேறுபடும். மெட்டை நகர்த்த முடியாததால், மறுமுனையில் நரம்பைத் தாங்கும் குதிரையை நகர்த்துகின்றனர். ஒவ்வொரு நரம்பிற்கும் தனித்தனித் தாங்கியும், அதனை முன்னும் பின்னும் செலுத்தும் திருகும் பல மின்கிதார்களில் உள்ளன. வீணையில் மெழுகு செய்த பணியைக் கிதாரில் திருகு செய்கிறது.

சீரமைக்கும் ஒழுங்கு

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் தெரிந்தபின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது வள்ளுவர் நெறி. கருவிக்கும் அதுவே பொருந்தும். பழைய மின்கிதாரைச் சீரமைப்போர் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனர். இவ்வொழுங்கு காரணம் பற்றியது. முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால் செய்த வேலையே மீண்டும் வரும்.

முதலாவது, பதிவு. திருகைத் தொடும்முன் நரம்பின் உயரம், கழுத்தின் வளைவு, உறுப்புகளின் நிலை ஆகியவற்றை அளந்து எழுதிவைத்தல். திரும்பிச் செல்ல வழி தெரிந்தவரே துணிந்து முன்செல்லலாம்.

இரண்டாவது, நரம்பு. துருவேறிய நரம்பு எந்த அமைப்பிலும் சுருதி நில்லாது. பழைய நரம்பின் தடிப்புக்கு ஒத்த புதிய நரம்பைக் கட்டி, வாசிக்கும் சுருதிக்கே நிறுத்தவேண்டும்.

மூன்றாவது, கழுத்து. ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோகிராம் எடை தொங்குவதற்கு ஒப்பான விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அதனை எதிர்க்கக் கழுத்தினுள் எஃகுத்தண்டு ஒன்று செல்கிறது. 'டிரஸ் ராடு' எனப்படும் இத்தண்டை முறுக்கினால் வளைவு குறையும், தளர்த்தினால் கூடும். முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் நரம்பை அழுத்தினால், இடையில் ஏழாம் மெட்டருகே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது பொதுவான அளவு. ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியபின் மரம் நிலைகொள்ளக் காத்திருக்கவேண்டும். வலிந்து திருப்பினால் தண்டு முறியும். பழங்கருவியில் அது பேரிழப்பு.

நான்காவது, உயரம். கழுத்து நேரானபின் குதிரையைத் தாழ்த்தியோ உயர்த்தியோ நரம்பின் உயரத்தை அமைக்கவேண்டும். இதனை முதலிலேயே செய்தால் கழுத்தின் குற்றத்தைக் குதிரையின்மேல் ஏற்றியதாக முடியும். பிக்கப்பின் உயரத்தையும் இப்போதே பார்க்கவேண்டும். காந்தம் நரம்பிற்கு மிக அருகில் இருந்தால் அதிர்வையே இழுத்துப்பிடித்துச் சுரத்தைக் குலைக்கும்.

ஐந்தாவது, சுரத்தூய்மை. பன்னிரண்டாம் மெட்டின்மேல் நரம்பை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடவேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் தாங்கியைப் பின்னே நகர்த்தி நரம்பை நீட்டவேண்டும். இறங்கியிருந்தால் முன்னே நகர்த்தவேண்டும். ஒவ்வொரு முறையும் சுருதியை மீண்டும் நிறுத்தியே சோதிக்கவேண்டும்.

ஆறாவது, மின்சுற்று. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எழுந்தால் உள்ளே தூசும் களிம்பும் சேர்ந்திருக்கலாம். உறுப்பை மாற்றும்முன் தூய்மை செய்து பார்ப்பதே முறை. கிதாரினுள் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனோடு இணைக்கும் பழைய வால்வு பெருக்கியோ ஆபத்தானது. மின்இணைப்பைத் துண்டித்தபின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறெவரும் அதனைத் திறத்தலாகாது.

எதை மாற்றலாம்?

பழங்கருவியைப் பேணுவதில் கடினமான வினா ஒன்றுண்டு. வாசிப்பதற்காகச் சீரமைத்தால் பழைய உறுப்புகளை இழக்க நேரலாம். பழமை கெடாமல் பெட்டியில் பூட்டினால் இசையை இழக்கிறோம். இரண்டும் இழப்பே. இவற்றுக்கிடையே வழிகாட்டுவது ஓர் எளிய பாகுபாடு: மீளக்கூடிய மாற்றம், மீளாத மாற்றம்.

நரம்பு மாற்றுதல், திருகைத் திருப்புதல், மெழுகை இளக்கி மெட்டை நகர்த்துதல் ஆகியன மீளக்கூடியவை. பிடிக்காவிடில் பழைய நிலைக்குத் திரும்பலாம். மெட்டை அராவுதல், புதிய துளையிடுதல், பூச்சைச் சுரண்டி மறுபூச்சுப் பூசுதல் ஆகியன மீளாதவை. 1950களின் கிதார்கள் பலவற்றில் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு உள்ளது. காலத்தால் அதில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றை அழுக்கெனக் கருதி மெருகேற்றுவோர் கருவியின் வரலாற்றையே துடைத்துவிடுகின்றனர். சாராயக் கலவையும் சிலவகை ரப்பர் தாங்கிகளும்கூட அப்பூச்சைக் கரைக்கும். உலர்ந்த மென்துணியே பெரும்பாலும் போதுமானது.

மீளாத மாற்றமே கூடாது என்பதன்று கருத்து. மெட்டுகள் பள்ளம் விழத் தேய்ந்தால் அராவியே ஆகவேண்டும். எனினும், ஒவ்வொரு முறை அராவும்போதும் மெட்டின் உயரம் குறைகிறது. கருவியின் ஆயுளில் ஒரு பகுதி செலவாகிறது. ஆகவே மீளக்கூடிய வழிகள் அனைத்தையும் முயன்றபின், காரணம் தெளிந்தபின், கழற்றிய உறுப்பைப் பத்திரப்படுத்தியபின் அதனைச் செய்யவேண்டும். கோவில் திருப்பணியிலும் ஓலைச்சுவடிப் பாதுகாப்பிலும் இவ்விதி பொருந்தும்.

செவியில் வாழும் தொழில்

சுருதியை எண்ணாகக் காட்டும் கருவிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவை பயனுடையன, எனினும் முழுமையான துணையாகா. எண் சுரத்தின் உயரத்தைக் கூறும். மெட்டு தளர்ந்ததால் எழும் இரைச்சலையும், நரம்பு நைந்ததால் எழும் மங்கலையும், மரம் வெடித்ததால் எழும் அதிர்வையும் வேறுபடுத்தி அறிவது பழகிய செவி. அச்செவியை ஒருவர் மற்றொருவரின் அருகில் அமர்ந்தே பெறமுடியும். மேளம் கட்டும் கலைஞர் ஒருவர் தம் தொழிலை எவருக்கும் கற்பிக்காமல் மறைந்தால், பல வீணைகள் ஒருசேர ஊமையாகின்றன.

ஆலங்குடி, வடகாடு வட்டாரத்துத் தோட்டங்களில் பலா இன்றும் செழித்து நிற்கிறது. மரத்திற்குப் பஞ்சமில்லை. அதனை ஒலிக்கச் செய்யும் அறிவு அருகாமல் காப்பதே நம் கடமை. உங்கள் ஊரில் பழைய வீணையோ ஆர்மோனியமோ கிதாரோ இருந்தால், அதனைப் பேணுபவர் யார், எவ்வாறு பேணுகிறார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதுவதோடு நில்லாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் இசைந்தால் கையாலும் செய்து பாருங்கள். குடுமியான்மலைப் பாறை நமக்குச் சுரங்களைத் தந்தது. அது தரமுடியாமற்போன கைப்பழக்கத்தை வருங்காலத்திற்குத் தருவது வாழும் மனிதரால் மட்டுமே இயலும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் இசைக்கருவி செய்பவர் அல்லது சீரமைப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. மிதிவண்டி, தையற்பொறி, தறி ஆகியவற்றுள் ஒன்றைச் சீரமைக்கும் முறையைப் படிநிலைகளாக எழுதுக. ஒவ்வொரு படிக்கும் அது முன்னே வருவதற்கான காரணத்தைக் குறிப்பிடுக.
3. '648 மி.மீ. நரம்பில் இரண்டாம் மெட்டு எங்கு அமையும்?' எனக் கணித ஆசிரியரின் துணையோடு கண்டறிந்து வகுப்பில் விளக்குக.

சொல்லும் பொருளும்

பத்தர் – யாழின் ஒலிக்குடம். கோடு – யாழின் வளைந்த தண்டு. திவவு – நரம்பைக் கோட்டோடு பிணிக்கும் கட்டு. தைவரல் – வருடுதல். தாயி – சுரங்களின் ஒரு முழுச்சுற்று. குதிரை – நரம்பைத் தாங்கும் உறுப்பு.

இலக்கணக் குறிப்பு

குடைந்து – வினையெச்சம். நீங்கிய யாழ் – பெயரெச்சம். மீளாத மாற்றம் – எதிர்மறைப் பெயரெச்சம். மரமும் நரம்பும் – எண்ணும்மை.

புணர்ச்சி விதி

பழங்கருவி = பழமை + கருவி
ஈறுபோதல் – பழ + கருவி
இனமிகல் – பழங்கருவி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வீணையில் மெட்டுகளைத் தாங்கி நிற்பது
அ) பித்தளைத் தகடு  ஆ) மெழுகு  இ) எஃகுத்தண்டு  ஈ) அரக்கு

2. 'யாழ் நூல்' அரங்கேறிய ஆண்டு
அ) 1831  ஆ) 1923  இ) 1947  ஈ) 1954

குறுவினா

1. 'பண்ணுதல்' என்னும் சொல்லின் பழம்பொருள் யாது?
2. மேளம் கட்டுதல் என்றால் என்ன?
3. மீளாத மாற்றங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. சீவகன் யாழ்களில் கண்ட குற்றங்களை விளக்குக.
2. வீணையில் மெழுகு செய்யும் பணியைக் கிதாரில் திருகு செய்வது எவ்வாறு?

நெடுவினா

1. 'எழுத்து மட்டும் எஞ்சினால் இசை எஞ்சாது' – குடுமியான்மலைக் கல்வெட்டையும் யாழின் வரலாற்றையும் சான்றாகக் கொண்டு நிறுவுக.
2. பழங்கருவியை வாசிப்பதா, பூட்டிப் பாதுகாப்பதா? உம் கருத்தைக் காரணங்களோடு எழுதுக.